அழித்த பென்சில் குறிகள்

ஒரு கேஸ் ஷீட்டைப் பொய்யாக மதிப்பிட்டேன் என்றுதான் இதைத் தொடங்க நினைத்தேன். அதுவே பொய். ஒன்றல்ல, பல. ரப்பரால் அழித்தாலும் பென்சில் அழுந்திய தடம் தாளில் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். சாய்த்துப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

காரைக்காலில் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவப் பிரிவில் இருக்கிறேன். மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. இது அதன் மேல் குற்றப்பத்திரிகை இல்லை. என் மேல்.

வரைபடத்தில் காரைக்கால் ஒரு சின்னப் பொட்டு. ஆட்சி புதுச்சேரி. ஆனால் புதுச்சேரி 130 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். மூன்று பக்கம் தமிழ்நாடு, நான்காவது பக்கம் கடல். எங்கள் வார்டில் நெடுங்காட்டுக்காரரும் திருமலைராயன்பட்டினத்துக்காரரும் படுத்திருப்பார்கள். எல்லை தாண்டித் தரங்கம்பாடியிலிருந்தும் நாகூரிலிருந்தும் வந்தவர்கள் பக்கத்துப் படுக்கையில் இருப்பார்கள். வருகிறவர்களில் பலர் வாசலிலேயே கேட்டுவிடுவார்கள்: "ரெண்டு பாட்டில் ஏத்தி வுட்டுருங்க சார், தெம்பா இருக்கும்." பெட்டில் போட்டிருக்கிறது என்றால் சொந்தபந்தம் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து நிற்கும். மாத்திரை கொடுத்து அனுப்பினால், டாக்டர் கண்டுக்கவே இல்லை என்பார்கள். இதை அவர்கள் மேல் பழியாகச் சொல்லவில்லை. அந்தப் பழக்கத்தை வளர்த்துவிட்டவர்களில் நானும் ஒருவன். பத்து நிமிஷம் உட்கார்ந்து விளக்குவதைவிட ஒரு பாட்டில் எழுதுவது சுலபம்.

2022 ஜூலை முதல் வாரத்தில் ஊரில் வாந்திபேதி பரவியது. சிலருக்குக் காலரா என்று உறுதியானது. பொது சுகாதார அவசர நிலை அறிவித்தார்கள். பள்ளிகளை மூடினார்கள். அந்த நாட்களில் பாட்டில் என்பது உண்மையிலேயே உயிர். கண் குழிவிழுந்து, நாடி பிடிபடாமல் வந்தவர்கள் அரை நாளில் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவர்களுக்குப் படுக்கை வேண்டியிருந்தது. ஒருநாள் காலை வார்டை ஒரு சுற்று சுற்றினேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரே கேள்விதான். இவருக்கு இன்றைக்கு இந்தப் படுக்கையில் என்ன வேலை? பதில் கிடைக்காதவர்களுக்கெல்லாம் மாத்திரை எழுதி மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் அனுப்பினேன். வார்டில் பாதி காலியானது. போனவர்களில் ஒருவர்கூட உடம்பு மோசமாகித் திரும்பவில்லை.

அன்றைக்கு எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது ஒன்று: இவர்கள் நேற்றே, முந்தாநாளே வீட்டுக்குப் போயிருக்கலாம். எனக்குத் தோன்றியது வேறு. நெருக்கடியில் எவ்வளவு சுருக்காக முடிவெடுத்தேன் பார் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். ஆகஸ்டில் வார்டு பழையபடி நிரம்பியது. அந்தக் கேள்வியை நான் மறுபடி கேட்கவில்லை.

ஐப்பசியில் அந்தப் பாட்டி வந்தார்.

அறுபது தாண்டியவர். நெடுங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். நாலு நாள் காய்ச்சல், சளி, மூச்சிரைப்பு. ரத்த அழுத்தம் மேல் எண் 90-க்குக் கீழே இறங்கியிருந்தது. நிமோனியா. சேர்த்தது சரி. ஆக்சிஜனும் ஆன்டிபயாடிக் ஊசியும் வேலை செய்தன. நாலாம் நாள் காய்ச்சல் விட்டது, ஆக்சிஜனை எடுத்தோம். ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. காலை ரவுண்ட்ஸுக்குப் போனபோது கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தார்.

"நடவு ஓடிக்கிட்டிருக்குங்கய்யா. எப்ப வுடுவீங்க?"

"ஒரு எக்கோ பாத்துட்டு அனுப்பறேன் பாட்டி."

எக்கோ எடுப்பவர் திங்கட்கிழமைதான் வருவார். மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை புற நோயாளியாக வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அந்த எக்கோவே பெரிய அவசியமில்லை. ஆனாலும் வைத்துக்கொண்டேன். ஏன்?

முதல் காரணம் பயம். அதற்குச் சில வருஷம் முன்னால், நன்றாக இருக்கிறார் என்று நான் அனுப்பிய ஒருவர் மறுநாள் ராத்திரி வீட்டில் இறந்துபோனார். உறவினர்கள் வந்து என் மேசையைத் தட்டினார்கள். அதிலிருந்து பேனாவை எடுத்து டிஸ்சார்ஜ் என்று எழுதும் போதெல்லாம் கை ஒரு கணம் நிற்கும். நியாயமான பயம்தானே என்று நீங்கள் சொல்லலாம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். 1995-இல் உச்ச நீதிமன்றம் மருத்துவச் சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்ததையும் சேர்த்துச் சொல்லிக்கொள்வேன். எங்கள் கூட்டத்தில் அது எப்போதும் செல்லுபடியாகும் வாதம். ஆனால் இறந்துபோனவரின் நோய்க்கும் இந்தப் பாட்டியின் நோய்க்கும் சம்பந்தமே இல்லை. ஒரு சாவின் கடனை, அதற்குப் பிறகு வந்த எல்லோரிடமும் ஆளுக்கு இரண்டு நாள், மூன்று நாள் என்று வசூலித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது காரணத்தைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. சோம்பல். தெளிந்துவிட்ட நோயாளி படுத்திருந்தால் கேஸ் ஷீட்டில் 'மருந்தைத் தொடரவும்' என்று ஒரு வரி போதும். அனுப்புவதென்றால் டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும். காலியான கட்டிலுக்குப் புது நோயாளி வருவார். அவர் கதையை முதலிலிருந்து கேட்டு எழுத வேண்டும். தேறிய நோயாளிகள் நிறைந்த வார்டு மருத்துவனுக்குச் சொகுசு. வெளியே இருப்பவர்களுக்கு இது தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

பணத்துக்காக வைத்தாயா என்று கேட்பீர்கள். அவரிடம் படுக்கைக்கு ஒரு ரூபாய் வாங்கவில்லை. காப்பீட்டுத் தொகைக்காக நோயாளியைப் படுக்க வைக்கும் கதைகளை எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதற்கு இடமும் இருக்கிறது. பெரும்பாலான பாலிசிகளில் 24 மணி நேரம் படுத்தால்தான் பணம் வரும். 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது, ஆனால் உள்நோயாளிக்குத்தான். அதையெல்லாம் குறை சொல்லி நானும் பேசியிருக்கிறேன், மேடையில்கூட. காசு வாங்காமலே ஒரு படுக்கையை வீணாக்கலாம் என்பதை நான் பேசியதில்லை.

சும்மா படுக்க வைத்திருக்கிறோம் என்று தெரியக்கூடாது அல்லவா? காலையில் ஒரு பாட்டில், சாயங்காலம் ஒரு பாட்டில் எழுதினேன். இட்லி தின்கிறவருக்கு உப்புத் தண்ணீர். அதில் வைட்டமின் ஊசி ஒன்றைக் கலக்கச் சொன்னேன். பாட்டில் மஞ்சளாகிவிடும். மஞ்சள் பாட்டிலுக்கு வார்டில் தனி மதிப்பு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் காரைக்கால்மேட்டிலிருந்து ஒரு மீனவரைத் தூக்கி வந்தார்கள். நெஞ்சுச் சளி, மூச்சு வாங்கியது. படுக்கை இல்லை என்று நாகப்பட்டினத்துக்கு அனுப்பினேன். அப்போது பாட்டி ஜன்னலோரம் நின்று பேத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். அந்த மீனவர் என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவில்லை. இன்றுவரை விசாரிக்கவில்லை.

சனிக்கிழமை ஏழாம் நாள். திருநள்ளாற்றுக் கூட்டத்தில் மாட்டி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தேன் என்று எழுதலாம். உண்மைதான். ஆனால் அது சாக்கு. பாட்டியின் வலது புறங்கையில் கேனுலா இருந்தது. நாலாம் நாளே கழற்றியிருக்க வேண்டியது. பாட்டிலுக்காக அப்படியே விட்டிருந்தோம். பிளாஸ்டரின் ஓரம் அழுக்கேறிச் சுருண்டிருந்தது. ஒரு முனையில் சாம்பார்க் கறை. இதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது என்றால் நான் பார்த்திருக்கிறேன் என்றுதான் அர்த்தம்.

"கை கடுக்குதுங்கய்யா" என்றார்.

நான் கையைத் திருப்பிப் பார்க்கவில்லை. பிளாஸ்டரைத் தூக்கிப் பார்க்கவில்லை. தொட்டு, சுடுகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. "பாட்டில் ஏறினா அப்படித்தான் இருக்கும் பாட்டி" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். கூட வந்த சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் நின்றால் சொல்லியிருப்பார். நான் நிற்கவில்லை.

ஞாயிறு ராத்திரி குளிர்க் காய்ச்சல் தூக்கிப்போட்டது. திங்கட்கிழமை காலை மணிக்கட்டு வரை வீங்கி, தோல் பளபளத்தது. கேனுலாவைக் கழற்றியதும் சீழ் வந்தது. அன்றைக்குத்தான் எக்கோவும் எடுத்தார்கள். நார்மல்.

அறுவை சிகிச்சை மருத்துவர் புறங்கையைக் கீறினார். கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. இரண்டு வாரம் வீரியமான ஊசிகள். இப்போது ஏறிய பாட்டில் ஒவ்வொன்றும் தேவைப்பட்டது. 23-ஆம் நாள் வீட்டுக்குப் போனார். போகும்போது என்னைக் கும்பிட்டார். கைகள் சேரவில்லை. வலது கை விரல்கள் விறைத்து நின்றன.

நாற்று முடியைப் பிரித்து, இரண்டு மூன்று நாற்றாக எடுத்து, விரல் நுனியால் சேற்றில் ஊன்ற வேண்டும். எல்லாம் வலது கை. அந்த வருஷ நடவு மட்டும் போகவில்லை. அதற்குப் பிறகு அவர் நடவுக்கே போகவில்லை. பேத்தி அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. 23 நாளும் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்தாள். அந்த வருஷப் பரீட்சையில் இரண்டு பாடம் போயிற்று. அதற்கு வேறு காரணமும் இருக்கலாமே என்று நான் சொல்லிப் பார்த்ததுண்டு. எனக்கு நானே.

இவ்வளவும் முதல் குற்றம். கவனக்குறைவு என்று ஒரு பெயர் அதற்கு இருக்கிறது. அடுத்ததற்கு அந்தப் பெயர் கூடப் பொருந்தாது.

2023-இல் எங்கள் வார்டில் தேவையில்லாத அனுமதிகளும் தேவையில்லாத படுக்கை நாட்களும் எவ்வளவு என்று அளக்க ஒரு தணிக்கை செய்வோம் என்று பேச்சு வந்தது. நான் முந்திக்கொண்டு கை தூக்கினேன். மாநாட்டில் வாசிக்க ஒரு கட்டுரை கிடைக்கும் என்ற ஆசை.

அளக்க ஒரு கருவி உண்டு. அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெர்ட்மனும் ரெஸ்டுச்சியாவும் 1981-இல் வெளியிட்டது. ஏ.ஈ.பி. என்பார்கள். பெரியவர்களுக்கானது, பிரசவத்துக்கும் மனநோய்க்கும் பொருந்தாது. என்ன நோய் என்று அது கேட்பதில்லை. சேர்த்த அன்றைக்கு 16 கேள்வி. நாடி 50-க்குக் கீழே போயிற்றா, 140-க்கு மேலே ஏறிற்றா, திடீரென்று நினைவு தப்பிற்றா, ரத்தம் போய்க்கொண்டிருக்கிறதா, இப்படி. பிறகு படுத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 27 கேள்வி. ஒன்றுக்கு ஆம் என்று பதில் வந்தாலும் அந்த நாள் தேவையான நாள். ஒன்றும் வராவிட்டால் தேவையில்லாத நாள், ஏன் வைத்தீர்கள் என்று காரணம் எழுத வேண்டும். சோதனைக்குக் காத்திருந்தது, வீட்டில் பார்க்க ஆளில்லை என்று காரணங்கள் பல. மருத்துவரின் மிதமிஞ்சிய எச்சரிக்கை என்பதும் அவற்றில் ஒன்று. அதைப் படித்ததும் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இதே கருவியை வைத்து ராண்ட் நிறுவனத்தின் காப்பீட்டுச் சோதனையில் பார்த்த முடிவு 1986-இல் வந்தது. 23 சதவீத அனுமதிகள் பொருத்தமற்றவை. இன்னும் 17 சதவீதத்தை, அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சையாகச் செய்திருந்தால் தவிர்த்திருக்கலாம். அதில் இன்னொன்றும் தெரிந்தது. நோயாளியும் கைக்காசு போட வேண்டும் என்று வைத்தபோது அனுமதிகள் குறைந்தன, ஆனால் வேண்டாதது மட்டும் குறையவில்லை, வேண்டியதும் சேர்ந்தே குறைந்தது. எது வேண்டும், எது வேண்டாம் என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? அது தெரிந்தவன் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறான்.

முறைப்படி இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க வேண்டும். ஒருவர் எழுதிய கேஸ் ஷீட்டை அவரே மதிப்பிடக் கூடாது. எனக்கு இது தெரியும். என்னுடையதை நானே பார்ப்பேன் என்றேன். நோயாளியை அறிந்தவன்தான் சரியாகச் சொல்ல முடியும் என்று வாதம் வைத்தேன். என் அனுபவத்துக்கு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை.

அந்தக் கருவியில் இரண்டு ஓட்டை உண்டு. நான் இரண்டின் வழியாகவும் புகுந்தேன். ஒன்று, மதிப்பிடுகிறவர் கேள்விகளுக்கு அப்பால் தன் மருத்துவ அறிவைக்கொண்டு தீர்ப்பை மாற்றலாம். எப்போதாவது பயன்படுத்த வேண்டியது. பாட்டில்கூட ஏறாத வெறும் நாட்களையெல்லாம் அந்த உரிமையை வைத்து 'தேவை' ஆக்கினேன். மற்றது பெரிய ஓட்டை. அன்றைக்குச் சிரை வழியாகத் திரவம் ஏறியிருந்தால் அது தேவையான நாள். ஏறிய பாட்டில் தேவைதானா என்று கருவி கேட்காது. கேஸ் ஷீட்டை எழுதியவன் நேர்மையாக எழுதியிருப்பான் என்று அதைச் செய்தவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

எனக்குத் தெரியாமல், அந்த சிஸ்டர் பத்துப் பதினைந்து ஷீட்டுகளைத் தனியாகப் பார்த்து ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தார். யாரும் சொல்லிச் செய்ததில்லை. இரண்டாவது ஆள் வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்ததே என்றார். வேண்டாத நாளுக்கு ஒரு சின்னப் பெருக்கல் குறி. பாட்டியின் ஷீட்டில் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வரிசையாக நாலு குறி. ஒன்பதாம் நாளுக்கு எதிரே குறி இல்லை. அன்றிலிருந்து அவருக்கு உண்மையாகவே நோய்.

சாயங்காலம் ஆறு மணி. அறையில் வேறு யாரும் இல்லை. மேசை டிராயரில் ரப்பர் இருந்தது. நாலையும் அழித்தேன். துகளைக் கையால் தள்ளி ஊதிவிட்டேன். மற்ற ஷீட்டுகளிலும் அழித்தேன். மறுநாள் சிஸ்டரிடம், "கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்டெல்லாம் நர்சிங் வேலை இல்ல சிஸ்டர்" என்றேன். அவர் சரி சார் என்றார். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் சுட்டிக்காட்டியதில்லை. அந்த வார்டில் என்னைத் திருத்தக்கூடிய ஒரே ஆளை நான் இப்படித்தான் இழந்தேன். நோயாளிகளும் இழந்தார்கள்.

முடிவில் கணக்கு இப்படி நின்றது. ஒன்று முதல் நாலு: நிமோனியா, தேவை. ஐந்து முதல் எட்டு: பாட்டில் ஏறியது, தேவை. ஒன்பது முதல் 23: கையில் சீழ், ரத்தத்தில் கிருமி, தேவை. நான் வரவழைத்த நோய் நான் வைத்திருந்த நாட்களுக்குச் சான்றிதழ் ஆயிற்று. அறிக்கையில் அந்தப் பாட்டி 23 நாளும் தகுதியோடு படுத்திருந்தார்.

வார்டின் மொத்த எண் அழகாக வந்தது. அதை இங்கே எழுத மாட்டேன். ஒரு பொய் எண்ணை இரண்டாம் முறை அச்சேற்ற வேண்டாம். கட்டுரை வாசித்தேன், கைதட்டினார்கள். வாரத்தில் இன்னும் இரண்டு நாள் எக்கோ, ஞாயிற்றுக்கிழமையும் டிஸ்சார்ஜ், தினமும் கேனுலா பார்த்து வேண்டாததைக் கழற்ற ஒரு பதிவேடு என்று இளம் மருத்துவர்கள் மூன்று யோசனை வைத்திருந்தார்கள். பிரச்சினையே இல்லாத இடத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேள்வி வந்தது. அந்தக் கேள்வியைத் தூக்கிக் கொடுத்தது என் அறிக்கை. மூன்றும் கிடப்பில் போயின. அதற்குப் பிறகு எத்தனை கை வீங்கியது என்பதற்கும் பதிவேடு இல்லை.

போன மாதம் பாட்டி ரத்த அழுத்த மாத்திரைக்காக வந்திருந்தார். சீட்டை நீட்டினேன். இடது கையை நீட்டினார். பாதியில் நிறுத்தி, கூச்சத்தோடு சிரித்தார்.

"பீச்சாங்கையால வாங்குறேன்னு தப்பா நெனச்சுக்காதீங்கய்யா. சோத்தாங்கை புடிக்க மாட்டேங்குது."

என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் "பரவாயில்ல பாட்டி" என்றேன். பரவாயில்லையாம்.

அன்று சாயங்காலம் ரெக்கார்ட் அறையில் அந்த ஷீட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தேன். நாலு குறியும் இருந்தன. மற்ற ஷீட்டுகளையும் எடுத்தேன். நான் மாற்றிய நாட்களையெல்லாம் தேதியோடு எழுதி, கையெழுத்துப் போட்டு, அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்று நிர்வாகத்துக்குக் கொடுத்துவிட்டேன். என் ஷீட்டுகளை இனி வேறொருவர் மதிப்பிட வேண்டும் என்றும் எழுதினேன். சிஸ்டரிடம் ஒரு பிரதி கொடுத்தேன். வாங்கிப் படித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பாட்டியின் வரியை இப்படித் திருத்தியிருக்கிறேன்: படுத்திருந்தது 23 நாள், தேவைப்பட்டது 4. காரணம் என்ற கட்டத்தில் என் பெயர்.

அடுத்த மாத்திரைக்கு அவர் வர வேண்டியது வருகிற மாதம் 9-ஆம் தேதி. இதை எழுதி முடிக்கும் வரை அவரிடம் நான் சொல்லவில்லை.